நாலடி அதிகம்

இது நடந்தது. நம்பாதவர்கள் எங்கள் மாடிப்படி வரைக்கும் வாருங்கள், அந்தப் பெண்ணையே கூப்பிட்டு விடுகிறேன். அவள் எதிரில் 'டேப்' என்ற வார்த்தையை மட்டும் எடுக்காதீர்கள்.

மேல் வீட்டுப் பெண். கட்டடக்கலைப் படிப்பில் மூன்றாம் வருஷம். பயிற்சிக்கு ஓர் அலுவலகத்தில் இடம் கிடைத்ததும் அவள் அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள்: "என் பொண்ணு ஏசி ரூம்ல உக்காந்து பெரிய பெரிய பில்டிங் வரையப் போறா." போனவளுக்குக் கிடைத்த வேலையோ, அளக்கிற டேப்பின் முனையைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நிற்பது. கணக்கு பூஜ்யத்தில் தொடங்குகிற முனை. அதனால் அவளுக்கே 'பூஜ்யம்' என்று பேர் வைத்துவிட்டார்கள். அம்மாவுக்கு இன்றுவரை இது தெரியாது. நீங்களும் சொல்லிவைக்காதீர்கள்.

நாலு வாரத்தில் ஒரு பழக்கம் மட்டும் கையில் ஊறியிருந்தது. அளக்கிறவர் ஓர் அறையில், முனை பிடிக்கிறவர் இன்னோர் அறையில். கத்தினால் தொண்டை போகும். அதனால் டேப்பையே சுண்டுவார்கள். ஒரு சுண்டு என்றால், "இருக்கியா?" இரண்டு சுண்டு என்றால், "இருக்கேன்." பதில் வராமல் முனையை விட்டு நகரக் கூடாது. அது அலுவலகத்தை நடத்துகிற சாரின் கண்டிப்பான உத்தரவு.

கடைசி நாள். காலையிலிருந்தே அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பயிற்சித் தாளில் சார் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வருஷத்துக்கே போக முடியும். சாரோ முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு ஒரு சாவியை நீட்டினார்.

"காலி வீடு. நாலாவது மாடி. இன்னைக்கு நீ அள, டிரைவர் முனை பிடிப்பாரு. வெளியளவு நாப்பத்திரண்டு அடி. உள்ள அதுக்கு மேல வந்துச்சுன்னா நீ இன்னும் பூஜ்யம்தான். கையெழுத்தை மறந்துடு."

"நீங்க வரலையா சார்?"

"அந்தக் கட்டடத்துக்கு நான் போறதில்ல."

ஏன் என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. நானாக இருந்தால் கேட்டிருப்பேன்.

டிரைவர் வாய் ஓயாதவர். சிக்னலில் நின்றால் பக்கத்து வண்டிக்காரரின் மாமியார் வரைக்கும் விசாரித்துவிடுவார். வாசலில் அவளை இறக்கிவிட்டு, "நீ மேல போம்மா, வண்டிய பின்னாடி விட்டுட்டு வந்துடறேன்" என்றார்.

மேலே போனாள். மணி நாலு இருபது. கூடம், நடை, பின் அறை. வாசலிலிருந்து பின் அறை வரை கதவுகள் ஒரே நேர்கோட்டில். மின்சாரம் இல்லை. டிரைவரைக் காணோம்.

பொறுமை போயிற்று. பின் அறையில் கிடந்த ஒரு செங்கல்லுக்கு அடியில் முனையைச் செருகிவிட்டு, டேப்பை விட்டுக்கொண்டே வாசல் கதவுக்கு வந்தாள். சுருட்டி வைக்கிற துணி டேப். இழுத்ததும் நழுவிக்கொண்டு வந்தது. மறுபடி போய் வைத்தாள். மறுபடி நழுவியது.

மூன்றாம் முறை... நழுவவில்லை. விறைத்து நின்றது.

பின்பக்கமும் படி இருக்கும் போல, டிரைவர் அண்ணன் வந்துவிட்டார் என்று நினைத்தாள். ஒரு சுண்டு கொடுத்தாள்.

இரண்டு சுண்டு வந்தது.

"எங்கண்ணா போயிட்டீங்க?"

வாய் ஓயாத மனுஷர்... ஒரு வார்த்தை இல்லை.

அளவைப் பார்த்தாள். நாற்பத்தாறு.

வீட்டுக்குள்ளே வீட்டைவிட நாலடி அதிகம். சாரின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது.

"அண்ணா, சுவத்தோட ஒட்டிப் பிடிங்க."

இரண்டு சுண்டு.

நாற்பத்தாறு.

டேப்பைத் தளரவிடாமல் சுருட்டிக்கொண்டே உள்ளே நடந்தாள். கூடம். நடை. பின் அறை.

அங்கே யாரும் இல்லை.

செங்கல் வைத்த இடத்தில் கிடந்தது. டேப் அதைத் தாண்டிப் போய், எதிர்ச் சுவரில் மூடியிருந்த கதவுக்கு அடியில் நுழைந்திருந்தது. விறைப்பாக.

பால்கனியில் நின்றுகொண்டு விளையாடுகிறாரா? தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

போன் அடித்தது. டிரைவர்.

"ஏம்மா, டேப்பை எதுக்குக் கதவுக்கு வெளிய விட்டிருக்க?"

"நீங்க... எங்க இருக்கீங்க?"

"கீழதான், பின்னாடி. வண்டிய எடுக்கச் சொல்லி ஒருத்தன் சண்டை..." நிறுத்தினார். குரல் இறங்கியது. "அது ஏம்மா தொங்கல?"

"எது?"

"டேப்பு. நேரா நீட்டிக்கிட்டு நிக்குது. வெறும் காத்துல."

மூச்சு வாங்கும் சத்தம்.

"கதவைத் திறந்துடாத. அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்ல."

கையை எடுத்தாள்.

டேப் ஒரு முறை சுண்டியது.

இருக்கியா?

நாலு வாரப் பழக்கம். அவள் யோசிப்பதற்குள் விரல்கள்...

இரண்டு சுண்டு.

டேப் தளர்ந்தது. வெளிச்சுவரில் சரசரவென்று உரசிக்கொண்டு தொங்கியது.

பிறகு சத்தமே இல்லை.

அலுவலகத்தில் சார் மொத்த நீளத்தைக் கேட்டார். அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "நாப்பத்தாறு சார்." திட்டு விழும் என்று காத்திருந்தாள். சார் நிமிரவே இல்லை. தாளை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். ஒரே கோணல்மாணல். அவள் அம்மா அதை எனக்குப் பெருமையாகக் காட்டினாள்.

அவளை வீட்டில் விட வரும்போதுதான் டிரைவர் வாயைத் திறந்தார். அந்தக் கதவுக்கு வெளியே முன்பு ஒரு பால்கனி இருந்தது. நாலடி. ஆறு வருஷத்துக்கு முன்னால் இடிந்து விழுந்தது. அதில் முனை பிடித்துக்கொண்டு நின்றவன், அவளைப் போலவே பயிற்சிக்கு வந்த பையன். அன்றைக்கும் டிரைவர் அதே இடத்தில்தான் வண்டியை நிறுத்தியிருந்தார்.

"தரை ஆடுச்சு போல. டேப்பை ஒரு தடவை சுண்டிட்டு உள்ள பார்த்தான். பதில் வரல. மறுபடி சுண்டினான். முனையை விடவே இல்லம்மா. சுண்டிக்கிட்டே இருந்தான்..."

"உள்ள அளந்தது யாருண்ணா?"

டிரைவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார்.

"சார்தான். டேப்பைக் கீழ வச்சுட்டு போன் பேசிக்கிட்டிருந்தாரு."