ஒரு வாகனம் திரும்பி வந்தால் கணக்கு வகுப்பு

பெயின்ற் வேலையில் பெயின்ற் அடிக்கிற நேரம் கொஞ்சம்தான். மிச்சம் முழுக்கத் தேய்க்கிறதும், காயும்வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறதும். பொறுமை மருந்துக்கும் இல்லாத எனக்கு வாய்த்த தொழிலைப் பாருங்கள்.

கனகராயன்குளத்தில் ஏ-நைன் றோட்டால் இறங்கி ஒரு கிரவல் ஒழுங்கைக்குள் வந்தால் எங்கள் வீடு. ஓ.எல். சோதனையில் கணக்கு என்னைக் கைவிட்டது, நானும் கணக்கைக் கைவிட்டேன். வவுனியாவில் கராஜ் வைத்திருக்கிற அத்தானிடம் கொஞ்ச மாதம் நின்று வேலை பழகினேன். பிறகு அவர் கழித்துவிட்ட கொம்பிரசரோடு வீட்டுக்கு வந்து, மாமரத்துக்குக் கீழே அம்மாவின் பழைய சேலைகளைச் சுற்றிவரக் கட்டி, கார்க் கீறல் எடுக்கத் தொடங்கினேன்.

அப்பா வயல் செய்கிறவர். "பெட்டை படிப்பை விட்டிட்டுப் பெயின்ற் அடிக்குதாம்" என்று ஊர் கதைத்தது அவருக்குப் பிடிக்கவில்லை. ஒரு கிழமை கழித்துத் தீர்ப்புச் சொன்னார்: "வற்றாப்பளை அம்மன் பொங்கல் வரைக்கும் பாப்பன். அதுக்குள்ளை நீ செய்து குடுத்த ஒரு வாகனம் திரும்பி வந்தாலும், சாமானெல்லாம் அத்தானுக்கு, நீ கணக்கு வகுப்புக்கு."

வாசல் படலைக்குள் காரைத் திருப்பும்போது கண்ணை மூடிக்கொள்கிற சக பாவிகளே, உங்களுக்குக் கதவில்தான் கீறல். எனக்கு எதிர்காலத்திலேயே.

வீட்டு வைத்தியம்

கீறலோடு வருகிற எல்லாரும் முதலில் சொல்வது "சின்னக் கீறல்தான் பிள்ளை." கீறலுக்குக் குறுக்கே நகத்தை இழுத்துப் பார்ப்பேன். நகம் வழுக்கிக்கொண்டு போனால் மேற்பூச்சோடு நின்ற கீறல். தேய்த்து மினுக்கினால் போகும். நகம் மாட்டினால் அடிவரைக்கும் போயிருக்கிறது. புட்டி வைத்து, தேய்த்து, திரும்பவும் தேய்த்து, சீவன் போகும்.

சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருக்கிற அண்ணை சிவப்புக் காரோடு வந்தார். றோட்டில் படுத்திருந்த மாடு ஒன்று எழும்புகிற நேரம் பார்த்து இவர் அதின் பக்கத்தால் காரை எடுத்திருக்கிறார். கொம்பு கதவின் இந்தத் தொங்கலில் தொடங்கி அந்தத் தொங்கலில்தான் முடிந்திருந்தது. அது பரவாயில்லை. மாடு செய்ததுக்கு மேலே மனிசன் செய்திருந்தார். முதலில் பற்பசை பூசித் தேய்த்தாராம். பிறகு தேங்காயெண்ணெய். அதுக்குப் பிறகு, தகரம் தெரிந்த இடமெல்லாம் மகள் நகத்துக்குப் பூசுகிற கியூட்டெக்ஸ். கீறலை எடுத்த நேரத்தைவிட மருந்தை எடுத்த நேரம்தான் கூட. "ஏன் அண்ணை, நேரை இஞ்சை கொண்டு வந்திருக்கலாமே?" என்று எரிச்சலோடு கேட்டேன். அவருக்கு ஒரு வெட்கமும் இல்லை.

"கையிலை பூசினா மூண்டு நாள் நிக்குது, கார் ஒரு வேலையும் செய்யிறேல்லைத்தானே, கனநாள் நிக்குமெண்டு நினைச்சிட்டன் பிள்ளை."

பொனற்றில் விளைந்த நெல்

எங்களுக்கு எதிரி தூசி. ஸ்பிரே அடிக்க முன்னம் அம்மா முற்றம் முழுக்கத் தண்ணி தெளிப்பா, கோழிகளை அடைப்பா, நாயைக் கட்டுவா. என்னையும் கட்டிவைத்தால் வேலை இன்னும் திறமாக வரும் என்று சொல்லுவா. அன்றைக்கு எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. பக்கத்து வாய்க்காலில் வயல் செய்கிற ஒருவரின் வெள்ளைக் கார். பொனற்றுக்குக் கடைசிப் பூச்சான கிளியர் அடித்து முடித்தேன். கண்ணாடி மாதிரி நின்றது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வயலுக்குள் நெல்லு வெட்டுகிற மெசின் இறங்கியது.

சேலையெல்லாம் பாய்மரம் மாதிரி எழும்பியது. சுணையும் பதரும் முற்றத்துக்குள் கொட்டுண்டது. நானும் அம்மாவும் ஓடி ஓடிச் சேலையைப் பிடித்தோம். தூசி அடங்கின பிறகு பார்த்தால் பொனற்றின் நடுவில் ஒரேயொரு நெல்லு, ஈரக் கிளியருக்குள் வடிவாகப் படுத்திருந்தது. கிள்ளினால் குழி விழும், விட்டால் நெல்லு நிற்கும். மறைக்க வழி இல்லை, எனக்கு மறைத்துக் கதைக்கவும் தெரியாது. கார்க்காரர் வந்ததும், "ஐயா, நெல்லொண்டு ஒட்டிப்போச்சு. காயவிட்டுத் தேய்ச்சு, திரும்ப அடிக்கவேணும். இண்டைக்குத் தரேலாது" என்றேன். அவரும் கமக்காரர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து, கனநேரம் பார்த்தார்.

"நெல்லு திறமான நெல்லு பிள்ளை, விதைச்ச இடம்தான் பிழைச்சுப்போச்சு."

முறிகண்டியில் ஒரு பொட்டு

ஒழுங்கையில் வாகனச் சத்தம் கேட்டாலே அப்பா தேத்தண்ணியை இறக்கி வைத்துவிட்டு எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தார். புது வாகனமென்றால் திரும்பவும் குடிப்பார். ஒருநாள் குடிக்கவில்லை. முதல்நாள் நான் முடித்து அனுப்பின, வாடகைக்கு ஓடுகிற ஹயர் வான் படலைக்குள் வந்து நின்றது.

வான்காரரிடம் நான் தெளிவாகத்தான் சொல்லி அனுப்பினேன்: கிளியர் இறுகும் மட்டும் தண்ணி படக்கூடாது, துணி படக்கூடாது, கை வைக்கக்கூடாது. அவர் நேரே முறிகண்டிக்குப் போயிருக்கிறார். ஏ-நைனில் வான் ஓடுகிறவர் பிள்ளையாரிடம் இறங்காமல் போவாரா? தேங்காய் உடைத்து, புதுப் பெயின்ற் ஆச்சே என்று முன்பக்கத்தில் தாராளமாகச் சந்தனப் பொட்டும் வைத்திருக்கிறார். இளம் கிளியர் சந்தனத்தை அப்படியே பிடித்துவிட்டது, விரல் ரேகையோடு. "கை வைக்காதேங்கோ எண்டு சொன்னனானெல்லோ!" என்று கத்தினேன். "கை வைக்கேல்லையே பிள்ளை, பொட்டுத்தானே வைச்சனான்" என்றார். வோட்டர் பேப்பரை எடுத்தேன், தேய்த்து எடுத்துத் திரும்ப அடிப்போம் என்று. மனிசன் குறுக்கே விழுந்தார். அவர் வந்தது முறைப்பாட்டோடு இல்லையாம். மழைக்குக் கரையாமல் பொட்டுக்கு மேலே இன்னொரு கிளியர் அடித்துத் தரவேணுமாம். அடித்துக் கொடுத்தேன். அந்த வான் இன்றைக்கும் அழியாத பொட்டோடு ஓடுகிறது.

வான் போனது. நான் தாங்கமாட்டாமல், "இதுவும் திரும்பி வந்த கணக்கிலை சேருமோ அப்பா?" என்று கேட்டேன். ஆறிப்போன தேத்தண்ணியை ஒரே மிடறில் குடித்தார்.

"பிள்ளையார் சாட்டிலை தப்பிட்டாய், அடுத்த முறை ஆர் வருவினம் எண்டு பாப்பம்."

மயிலுக்கு வந்த கோபம்

அடுத்த முறை வந்தது கணக்கு ரீச்சர். ஓம், பள்ளிக்கூடத்தில் எனக்குக் கணக்குப் படிப்பித்த அதே ரீச்சர்தான். பொங்கலுக்குக் கிழமை ஒன்றுதான் இருந்தது. அதுக்குக் கொஞ்சநாள் முந்தித்தான் அவாவின் கறுப்புக் காரில் மதில் உரஞ்சின கீறலை எடுத்துக் கொடுத்திருந்தேன். என் வாழ்க்கையில் அவாவிடம் நல்ல பேர் எடுக்க வேறு வழி இல்லையென்று, தேவைக்கு மேலேயே மினுக்கியிருந்தேன். இப்போது அந்தக் கதவு முழுக்கக் கொத்தும் கீறலுமாக இருந்தது. அப்பா கதிரையை விட்டு எழும்பி வந்தார்.

"என்ன ரீச்சர், பெட்டையின்ரை வேலை பிழைச்சிட்டுதோ?"

என் வகுப்பு, கொம்பிரசர், மாமரம் எல்லாம் ரீச்சரின் வாயில் நின்றது. அவாவுக்கு எங்கள் ஒப்பந்தம் ஒன்றும் தெரியாது. "வேலை பிழையில்லை ஐயா, மயில்" என்றா. அவாவின் வீட்டுக்குப் பின்னால் பற்றைக்காடு. அங்கே உள்ள ஆண் மயில் ஒன்று கனகாலமாக அந்தக் காருக்குப் பக்கத்தால் போய் வருகிறதாம், ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. நான் மினுக்கிக் கொடுத்த பிறகு கதவுக்குள் இன்னொரு மயில் நிற்கிறதைக் கண்டுவிட்டது. விடியத் தொடங்கின சண்டை, ரீச்சர் கூட்டுகிற தும்புக்கட்டையோடு ஓடி வரும் மட்டும் நடந்திருக்கிறது.

"இதைத் திருப்பிச் செய்து தா. ஆனா மினுக்கத்தைக் கொஞ்சம் குறைச்சு விடு" என்றா.

"ஏலாது ரீச்சர்" என்றேன். வாய் முந்திவிட்டது. "அரைகுறையாய் அடிக்கச் சொல்லாதேங்கோ. வேணுமெண்டா மயிலைப் பிடிச்சுக் கட்டுங்கோ."

"வகுப்பிலையும் உந்த வாய்தான்" என்றா ரீச்சர்.

அப்பா கொட்டிலுக்குள் போனார். அங்கேதான் என் ஸ்பிரே கானும் பெயின்ற் பேணிகளும் இருந்தன. உள்ளே சாமான் உருட்டுகிற சத்தம் கேட்டது. அத்தானுக்கு அனுப்ப எல்லாத்தையும் கட்டுகிறார் என்று நினைத்தேன். அம்மா என்னைப் பார்க்காமல் கோழியைப் பார்த்தா. வெளியே வந்த அப்பாவின் கையில் வெறும் உரப்பைகளும் சாக்கு ஊசியும். கதிரையில் இருந்து ஊசியில் நூலைக் கோர்த்தார்.

"அவளுக்கு மினுக்கம் குறைக்கத் தெரியாது ரீச்சர், எனக்கு உரப்பை தைக்கத் தெரியும், காருக்கு ஒரு சட்டை தைச்சுத் தாறன். எடி, கதவை அளந்து எத்தினை பை வேணுமெண்டு கணக்குப் பாத்துச் சொல்லு, ரீச்சர் பாத்துக்கொண்டு நிக்கிறா!"

ஆக, வாகனமும் திரும்பி வந்தது, கணக்கும் திரும்பி வந்தது, நான் மட்டும் இன்னும் மாமரத்துக்குக் கீழேதான் நிற்கிறேன்.