வெள்ளைத் துணிக்குப் பின்னால் நின்றவர்

அரிசி களைந்துகொண்டிருந்தேன். ஜாசின் பஸ் எங்கள் வீட்டுக்கு முன்னால் நின்றது. கண்டக்டர் இறங்கி வந்து, வாசலில் நின்றபடியே சொன்னார்: "அக்கா, ஞானமுத்து அண்ணன் தவறிட்டாரு. மலாக்கா ஆஸ்பத்திரியில, நேத்து சாயங்காலமாம். மாரி அண்ணன்கிட்ட சொல்லிடுங்கலா." பஸ்ஸில் ஆட்கள் காத்திருந்ததால் உடனே ஓடிவிட்டார். என் வீட்டுக்காரர் மாரிமுத்து பின்பக்கம் வேனைத் துடைத்துக்கொண்டிருந்தார். போய்ச் சொன்னேன். துணியைக் கையில் பிடித்தபடியே வேன் படியில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு எங்கள் வீட்டில் உலை வைக்கவில்லை.

அடக்கத்துக்குச் சபையார் நீங்கள் பலரும் வந்திருந்தீர்கள். சபைப் பெரியவர் ஒருவர் குழிக்கு முன்னால் நின்று பேசினார். "ஊழியத்தைப் பாதியில் விட்டவர் என்றாலும் நல்ல மனிதர்" என்றார். அந்த "என்றாலும்" கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாவு வீட்டில் வாயைத் திறக்க வேண்டாமே என்று என் வீட்டுக்காரர் முழங்கையால் இடித்ததால் பேசாமல் இருந்தேன். இப்போது எழுதுகிறேன். படித்துவிட்டு, அந்தச் சொல்லைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மிஷன் வேன் ரப்பர் தோட்டம் தோட்டமாகப் போய் ஏசுவின் படம் காட்டியது. என் வீட்டுக்காரர் அதற்கு டிரைவர். படம் பழைய ஊமைப் படம். வாய் அசையும், சத்தம் இருக்காது. வெள்ளைத் துணியைக் கட்டி, அதற்குப் பின்னால் மைக்கோடு நின்று, படத்தில் வாய் அசையும் நேரம் பார்த்து நாங்கள் தமிழில் பேசுவோம். ஆண் குரல் எல்லாம் ஞானமுத்து அண்ணன். பெண் குரல் எல்லாம் நான். எனக்கு முன்னால் பேசிய அம்மாவின் குரல் கீச்சென்று இருந்ததாம். நான் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளின் தண்ணீர்க் குழாயடியில் சண்டை போட்டு வளர்ந்தவள். மைக் இல்லாமலேயே கடைசி வரிசைக்குக் கேட்கும். நெற்றியில் திருநீறோடு மரியாளுக்குப் பேசினேன். வேனோடு வரும் போதகருக்கு அது உறுத்தத்தான் செய்தது. "விடுங்கய்யா, துணிக்குப் பின்னால நிக்கிற நெத்திய யாரு பாக்கப் போறா?" என்று அண்ணன்தான் எனக்காகப் பேசினார்.

துணிக்கு முன்னால் பக்தி. பின்னால் கொசு. அண்ணன் பனியனும் கைலியுமாக, ஒரு கையில் மைக், ஒரு கையில் துண்டு, முதுகில் கொசுவை அடித்துக்கொண்டே மலைமேல் பிரசங்கம் செய்வார். பேதுரு அவர்தான். பிலாத்து அவர்தான். பிசாசும் அவர்தான். "சாமிக்கும் நான்தான், சாத்தானுக்கும் நான்தான். தொண்டை ஒண்ணுதான் தங்கச்சி" என்று சொல்லி, இரண்டு மிளகை வாயில் போட்டுக்கொள்வார். ஆனால் ஏசு பேசும்போது மட்டும் வேறு ஆளாகிவிடுவார். அடிவயிற்றிலிருந்து, அவசரமே இல்லாமல் அந்தக் குரல் வரும். பக்கத்தில் நின்று எத்தனையோ முறை கேட்ட எனக்கே புல்லரிக்கும். தோட்டத்துச் சனங்கள் அதற்கு எழுந்து நின்று பதில் சொல்வார்கள். "ஆகட்டும் சாமி" என்பார்கள். சில இடங்களில் துணிக்கு முன்னால் சூடம் கொளுத்தித் தேங்காய் உடைத்தார்கள். போதகர் தடுக்கப் போனபோது, "அவங்க வீட்டுக்கு வந்த விருந்தாளிய அவங்க முறைப்படிதானே ஐயா வரவேற்பாங்க" என்றார் அண்ணன்.

அந்தக் குரலுக்கு அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். படத்துக்கு வெளியே அந்தக் குரல் மைக்கில் பேசாது. எங்களிடம் படம் ஓட்டும் மிஷின் ஒன்றுதான் இருந்தது. ஒரு சுருள் முடிந்து அடுத்ததை மாட்டும் வரைக்கும் இடைவெளி இருக்கும். அப்போது விளக்கைப் போட்டுவிட்டு, பிள்ளையைத் தேடும் அம்மா, ஜெனரேட்டர் பக்கம் போகாதே, ஊரடங்குக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விடு என்று அறிவிப்பு சொல்ல வேண்டும். அதற்கு மைக்கை என் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுவார். வெளியிலும் அப்படித்தான். ஒருமுறை கோலா சுங்கை பாருவில் தேத்தண்ணிக் கடையில், "ஒரு தேத்தண்ணி, சீனி கொறச்சு" என்றார். பக்கத்தில் மீன் கூடையோடு நின்ற ஒரு அம்மா, முதல் நாள் படம் பார்த்தவள், திடுக்கிட்டுக் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள். அண்ணனுக்கு முகம் செத்துவிட்டது. அன்றிலிருந்து கடையில் அவருக்கும் சேர்த்து என் வீட்டுக்காரர்தான் கேட்பார். "மிஞ்சிப் போனா ரெண்டு பேருக்கும் சீனி கொறச்சுக் கிடைக்கும், அவ்வளவுதானே மாரி" என்று காதோரம் சொல்லிச் சிரிப்பார்.

இனி எழுதுவதை எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனாலும் எழுத வேண்டும்.

நியாலாஸுக்கு அப்பால் ஒரு தோட்டம். பெயர் வேண்டாம். அவசரகாலச் சட்டம் வந்து, சிதறிக் கிடந்த லயங்களை ஒரே இடத்தில் கூட்டி, சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். காட்டில் ஒளிந்து வெள்ளைக்கார அரசாங்கத்தோடு சண்டை போடுகிறவர்களுக்குப் போய்விடக் கூடாதென்று அரிசியை அளந்து கொடுத்தார்கள். வேலி வாசலில் துப்பாக்கியோடு ஆள் நின்று, வேலைக்குப் போகிற பெண்களின் மடியைத் தடவிப் பார்ப்பான். அங்கே பொன்னாயி என்ற பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கிற அம்மா இருந்தார். அது அவருடைய சொந்தப் பெயர் அல்ல, நான் மாற்றி எழுதுகிறேன். ஒரே மகன் சங்கரன். அவன் காட்டுக்குப் போய்விட்டான். ஏன் போனான் என்பதை ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள்.

நாங்கள் அங்கே போன அன்று மாலை, படம் பாதியில் இருந்தது. சுருள் மாற்றும்போது ஒரு போலீஸ் அதிகாரி துணிக்குப் பின்னால் வந்தார். தோட்டத்து ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி கூடவே வந்து, அவர் பேச்சைத் தமிழில் சொன்னார். சங்கரனை வெளியே வரச்சொல்லி ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டுமாம். என் வீட்டுக்காரர் மைக்கை வாங்கக் கையை நீட்டினார். கிராணி வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"மாரி சொன்னா யாரும் கேக்க மாட்டாங்களாம். அந்த ஏசுசாமி குரல்லயே சொல்லணுமாம்."

"அது படத்துக்கு மட்டும்தாங்க" என்றார் அண்ணன்.

"யோசிச்சுப் பேசுலா. மாட்டேன்னு சொன்னா நாளையிலேருந்து மொத்த லயத்துக்கும் அரிசி பாதி. ஊரடங்கும் நீளும். கொழந்த குட்டிங்க இருக்கு."

அண்ணன் போதகரைப் பார்த்தார். போதகர் சரி என்று தலையசைத்தார். இதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

"அந்தப் பையன் கையத் தூக்கிட்டு வந்தா சுட மாட்டாங்கதானே? இத மட்டும் அவரு வாயாலே சொல்லச் சொல்லுங்க" என்றார் அண்ணன்.

கிராணி கேட்டார். அதிகாரி தம் நெஞ்சில் கையை வைத்து ஆமாம் என்றார். அவர் பொய் சொன்னதாக எனக்கு அப்போதும் தோன்றவில்லை, இப்போதும் தோன்றவில்லை.

அண்ணன் மிளகைத் துப்பிவிட்டு மைக்கை எடுத்தார். "காட்டில் இருக்கும் மகனே, உன் தாய் உனக்காகக் காத்திருக்கிறாள். கைகளை உயர்த்திக்கொண்டு வா. உனக்கு ஒரு தீங்கும் வராது." அவ்வளவுதான். துணியில் படம் இல்லை. வெறும் வெள்ளைத் துணி. நான் துணியின் ஓரமாக எட்டிப் பார்த்தேன். பொன்னாயி எழுந்து நின்று, கைகளைத் தலைக்கு மேல் குவித்திருந்தார். "வரச் சொல்றேன் சாமி" என்றார்.

அவர் எப்படிச் சொல்லி அனுப்பினார் என்று நான் கேட்டதில்லை. அந்தக் காலத்தில் கேட்கக் கூடாத கேள்வி அது. சில நாட்கள் கழித்து, பெரட்டில் பெயர் கொடுக்க ஆட்கள் கூடும் விடியல் நேரத்தில், கித்தாப் பால்மரக் காட்டின் ஓரத்தில் சங்கரன் வந்தான். கையைத் தூக்கிக்கொண்டுதான் வந்தான். முதல் நாள்தான் வேறு ஊரிலிருந்து மாற்றலாகி வந்த ரோந்துக்காரர்கள் அங்கே இருந்தார்கள். அவர்களிடம் யாரும் சொல்லி வைக்கவில்லை. சுட்டுவிட்டார்கள். உடலைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு முன்னால் கிடத்தி, இவன்தானா என்று பார்க்கப் பொன்னாயியைக் கூட்டிப் போனார்கள். கைகள் தலைக்கு மேல் தூக்கியபடியே விறைத்துவிட்டன, இறக்க முடியவில்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அதிகாரி கிராணி மூலமாக வருத்தம் தெரிவித்தார். தகவல் போய்ச் சேரவில்லையாம். அடப் பாவிகளா, ஒரு வார்த்தை!

அண்ணன் இரண்டு நாள் சாப்பிடவில்லை. பிறகு என்னிடம் வந்து, "ருக்கு, நான் அந்த அம்மாவைப் பாக்கணும். பொம்பள ஒருத்தி கூட இருந்தா நல்லது. வரியா?" என்றார். போனோம். பொன்னாயி வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தார். அண்ணனின் முகத்தை அவர் பார்த்ததே இல்லை. யாரோ வந்திருக்கிறார்கள் என்றுதான் நிமிர்ந்தார்.

"அம்மா, அன்னைக்குப் பேசினது நான்தான்மா" என்றார் அண்ணன்.

குரலைக் கேட்டதும் பொன்னாயி கண்களை மூடிக்கொண்டார். அடிப்பார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று நான் பயந்தேன். தூற்றினால் தூற்றட்டும் என்றுதான் அண்ணனும் வந்திருந்தார். பொன்னாயி கண்ணைத் திறக்காமலேயே பேசினார்.

"நீங்க யாருன்னு எனக்குத் தெரிய வேணாம் ஐயா. அன்னைக்குப் பேசினது சாமி. சாமி ஏமாத்திடுச்சுன்னா அது என் தலையெழுத்து. கோயில்ல போயி நின்னு அதத் திட்டிக்குவேன். ஒரு மனுசன் பேச்சக் கேட்டு எம் புள்ளைய நானே கூப்பிட்டுக் குடுத்தேன்னா, நாளைக்கு எந்திரிச்சு நான் மரம் வெட்டப் போவேனா? கயித்தத்தான் தேடுவேன்."

அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பொன்னாயி கையை நீட்டித் தடுத்தார்.

"பேசாதீங்க. இனிமே இந்தக் குரலு யாரு காதுலயும் விழக் கூடாது. எனக்கு அது சாமியாவே இருந்துட்டுப் போவட்டும். சத்தியம் பண்ணுங்க."

அண்ணன் குனிந்து, அவர் கால் இருந்த படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நாங்கள் திரும்பி வேனுக்கு நடந்தோம். வழியெல்லாம் நான்தான் அழுதேன்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நீங்கள் "பாதியில் விட்டது" என்கிறீர்கள். அண்ணன் மைக்கைத் தொடவில்லை. ஜெனரேட்டரைப் பார்த்துக்கொண்டார், கம்பிகளைச் சுற்றினார், துணியைத் துவைத்துக் காயப்போட்டார். எங்களிடம் காதோரம் காற்றாகப் பேசுவார், அதுவும் வேலைக்கு வேண்டிய அளவுக்கு. டவுனிலிருந்து புதிதாக ஒருவர் வந்து பேசினார். "சாமிக்குச் சளி பிடிச்சிருக்கா?" என்று தோட்டத்தில் கேட்டார்கள். சபையில் என்னென்ன பேசினீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். தலைக்கனம் என்றீர்கள். விசுவாசம் போய்விட்டது என்றீர்கள். ஜெபத்தில்கூட வாயைத் திறக்காத ஊமை என்று ஒருவர் சிரித்தார். போதகர் மட்டும் சிரிக்கவில்லை. ஆனால் அவரும் எழுந்து நின்று நடந்ததைச் சொல்லவில்லை. ஒருநாள் எனக்குத் தாங்கவில்லை. "நான் போயிச் சொல்லிடறேன்ணே, வாயில வந்ததெல்லாம் பேசுறாங்க" என்றேன். அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேணாம் தங்கச்சி. சொன்னா அது நடந்து நடந்து அந்த வேலிக்குள்ள போயிடும். எனக்குக் கெட்ட பேரு வந்தா நான் தாங்கிக்குவேன். அந்த அம்மாவால இன்னொண்ணத் தாங்க முடியாது."

போன வாரம் அவருக்குக் காய்ச்சல் வந்து நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது. வேன் கொட்டகைக்குப் பின்னால் அந்தச் சின்ன அறையில் தனியாகக் கிடந்திருக்கிறார். ஒரே பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குடும்பம் இருக்கிறது. ஒரு குரல் கொடுத்திருந்தால் ஓடி வந்திருப்பார்கள். "ஒரு சத்தமும் கேக்கலலா. காலையில கஞ்சி குடுக்கப் போயித்தான் பாத்தேன்" என்று அந்த வீட்டம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். முன்னாலேயே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். சாகக் கிடக்கும்போதுகூடவா அண்ணே? எனக்கு உங்கள்மேல் கோபமாக வருகிறது அண்ணே. இன்னும் கொஞ்ச நாள் அது போகாது.

அடக்கம் முடிந்த மறுநாள் நியாலாஸ் பாசாரில் பொன்னாயியைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்துவிட்டது. அந்த வேலி இன்னும் இருக்கிறது, ஆனால் இப்போது பகலில் வெளியே விடுகிறார்கள். கருவாட்டைப் பொறுக்கிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"அந்த ஜெனரேட்டர்கார அண்ணன் போயிட்டாராமே?"

"ஆமாக்கா."

"கடைசியிலயாவது வாயத் தொறந்து பேசினாரா?"

"இல்லக்கா."

அவர் கை நின்றுவிட்டது. "சொன்ன சொல்லக் காப்பாத்திட்டாரு" என்றார். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அவங்க கோயில்ல அவரப் பத்தித் தப்பாப் பேசுறாங்கன்னு கேள்விப்பட்டேன். எனக்கு இப்பத் தெம்பு இருக்கு. போயிச் சொல்லுங்க."

சொல்லிவிட்டேன்.

நேற்று என் வீட்டுக்காரர், "ருக்கு, அண்ணன் குரல் எனக்கு மறந்துக்கிட்டே வருது. உனக்கு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது. எந்தச் சொல்லில் இழுப்பார், எந்தச் சொல்லில் மூச்சு விடுவார், எல்லாம் இருக்கிறது. அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அது ஒன்றுதான். "எப்படி, ஒரு தடவ பேசிக் காட்டேன்" என்றார். முடியாது என்று சொல்லிவிட்டேன்.