பொகையில கட்டின மாடு

நெல்லுக் குத்துற மில்லுக்குப் பின்னால ஈ வராது, நுளம்பு வராது. இத மொதல்ல கண்டுபுடிச்சது எங்க மாமா, உம்மாட தம்பி. அந்த மில்லுல இஞ்சின் ஓட்டினவரு அவருதான். பல்லேபொலப் பக்கம் எங்க ஊரு ரோட்டுல அப்ப ஒரே மில்லுதான் இருந்திச்சு. சக்கரத்த ரெண்டு பேரு புடிச்சிச் சுத்தி விட்டாத்தான் இஞ்சின் எழும்பும். எழும்பையில பின் சொவத்துல இருந்த பொகக் குழா ஒரு தரம் கறுப்பாத் துப்பும். பொறகு நாள் முழுக்க நீலப் பொகை வந்துக்கிட்டே இருக்கும். மாமா பகல் சோத்த அந்தப் பலா மரத்தடியிலதான் வச்சித் திம்பாரு. சோத்துல ஒரு ஈ குந்தாதாம். சோறு கட்டின துணியத் தொவைக்கையில உம்மாதான் ஏசுவாங்க, டீசல் நாத்தம் மூணு தண்ணியிலயும் போகல்லன்னு.

அந்த வருசம் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மாட்ட வச்சிப் பாக்குற மொறை எங்க வீட்டுக்கு வந்திச்சு. எங்க பக்கம் ஏழு வீடு சேந்து ஒரு மாடு வாங்குவாங்க. அறுக்கிற நாள் வரைக்கும் ஒரு வீடு அதக் காத்துக் குடுக்கணும். குர்பான் குடுக்கிற மாட்டுல குறை இருக்கப்படாது. நொண்டி ஆகாது, குருடு ஆகாது, சொறி ஆகாது. முந்தின வருசம் காத்தவரு வீட்டுல மாடு ஆணிய மிதிச்சு நொண்டிப் போச்சு. அந்த மனுசன் பொறகு பள்ளிக்கு வந்தா கடைசி வரிசையில நிண்டு தொழுதுட்டு, மத்தவங்க எழும்ப முன்னாடி செருப்பப் போட்டுக்கிட்டுப் போயிடுவாரு. எங்க வாப்பா மொளகு, பாக்கு வாங்கி விக்கிறவரு. ஊருல நாலு பேரு மொகத்தப் பாத்துத்தான் அவரு யாவாரம். அதனால மாடு வந்த அண்ணைக்கே வாப்பாவுக்கு நித்திரை போயிடுச்சு.

மாடு பக்கத்து ஊரு நாலந்தாவுல இருந்து வந்திச்சு. செவலை. நெத்தியில வெள்ளை. நல்ல சாதுவான மாடு. அது வந்த நேரம் மழையும் தொடங்கிடுச்சு. மழையோட மாட்டு ஈயும் வந்திச்சு. மூணு நாளையில காது ரெண்டும் கடிச்சுக் கடிச்சுப் புண்ணு. வாப்பா உமி மூட்டம் போட்டுப் பாத்தாரு, தூத்தல்ல அணைஞ்சு போச்சு. வேப்பெண்ணை பூசினாரு, மாடு நக்கி எடுத்திடுச்சு. புண்ணு சொறியாயிட்டா, பெருநாளைக்கு முன்னாடி மாட்டப் பாக்க வாற பள்ளி லெப்பை ஆகாதுன்னுடுவாருன்னு சொல்லிச் சொல்லி வாசல்ல நடந்தாரு. அப்பத்தான் மாமா மாட்ட மில்லுக்குக் கொண்டாரச் சொன்னாரு.

நாள் தவறாம காலையில மாமா அதப் பலா மரத்துல கட்டுவாரு. குழாக்கும் மரத்துக்கும் பத்து முழம் இருக்கும். பொகை வந்து சேரையில சூடு ஆறி, மெல்லிசா மாட்டு மேல படியும். ஒரு ஈ இல்ல. ரெண்டு நாளையில காது காஞ்சிடுச்சு. காவலுக்கு நான். எனக்கு அப்ப ஒம்பது வயசு இருக்கும். எழுத்து ஏறாதுன்னு பள்ளிக்கூடத்துல இருந்து அதுக்கு முன்னாடியே நிப்பாட்டிட்டாங்க, அதனால ஊருல வேலை இல்லாத ஒரே பொடியன் நான்தான். மரத்துல இருந்து மாட்ட அவுக்கப்படாது, காத்து மாறினா வந்து கூப்புடணும். மாமா எனக்குச் சொன்னது அவ்வளவுதான்.

பெருநாளைக்கு ஆறு நாள் இருக்கையில ஒரு பகல் காத்து மாறிச்சு. சோத்து நேரம், இஞ்சின் நிண்டிருந்திச்சு. மாமா லுஹர் தொழப் பள்ளிக்குப் போயிருந்தாரு. ஈ எல்லாம் திரும்ப வந்து அந்தக் காதுலயே மொச்சிச்சு. எனக்கு வாப்பா வாசல்ல நடக்கிறதுதான் கண்ணுல நிண்டிச்சு. மாட்ட அவுத்துக் கொண்டு போய் குழாக்குக் கிட்ட இருந்த தென்னங்குத்தியில கட்டினேன். இஞ்சின் எழும்பினா பொகையில இருந்து வெலகிப் போகாம இருக்கக் கயித்தையும் கட்டையாப் புடிச்சிக் கட்டினேன். எனக்கு நானே பெரிய மனுசனாத் தெரிஞ்சேன். பொறகு தண்ணி குடிக்கக் கெணத்தடிக்குப் போனேன்.

நான் கெணத்தடியில நிக்கையில மாமா மில்லு ஆளு ஒருத்தரோட வந்து முன் பக்கத்தால இஞ்சின எழுப்பிட்டாரு.

ஓடி வந்து பாக்கையில மாடு தலையத் திருப்ப ஏலாம முன்னங்கால மடிச்சுக் கெடக்குது. மொகத்துல வலப்பக்கம் பூராக் கரி. ஒரு மாதிரி அவுத்துப் பலா மரத்துல கொண்டு போய்க் கட்டிட்டு, இடுப்புச் சாரத்தால மொகத்தத் தொடச்சேன். வலக் கண்ணு மூடியே இருந்திச்சு. அண்ணைக்கே மாமாகிட்டச் சொல்லியிருக்கலாம். அவரு எட்டிப் பாக்கையில மாட்டுக்கு வலப்பக்கம் போய் நிண்டுக்கிட்டேன்.

அந்த ஆறு நாளும் நான் மாட்டு வலப்பக்கத்துலதான் வாழ்ந்தேன், காலையில மாமா கட்டையிலயும். பின்னேரம் அசர் தொழுகைக்குப் பொறகு மத்த ஆறு வீட்டு ஆளுங்களும் ஒவ்வொருத்தராப் பாக்க வருவாங்க. காது ஆறிடுச்சே, மருந்தென்னன்னு கேப்பாங்க. மாமா டீசல்ன்னுவாரு, எல்லாரும் சிரிப்பாங்க. நான் மாட்டுக்கு வலப்பக்கம் நிண்டு தேச்சிக்கிட்டே இருப்பேன். பொடியனுக்கு மாட்டு மேல என்னா பாசம்ன்னு ஒருத்தரு வாப்பாகிட்டச் சொன்னாரு. வாப்பா என் தலையத் தடவினாரு. வீட்டுல மவ்லூது ஓதையில தெளிக்கிற பன்னீர உம்மா அலுமாரியில வச்சிருந்தாங்க. அத ஒளிச்சிக் கொண்டு போய்க் கண்ணுல விட்டேன். போத்தல் கொறையக் கொறையத் தண்ணி ஊத்தி வச்சேன். கண்ணு மொதல்ல செவந்திச்சு, பொறகு தண்ணியா வடிஞ்சிச்சு. அஞ்சாம் நாள் அதுல வெள்ளையா ஒண்ணு படர்ந்திருந்திச்சு, பாலாடை மாதிரி.

பெருநாளைக்கு மொத நாள் லெப்பை பாக்க வந்தாரு. அரஃபா நோம்போட வந்தவரு, உதடெல்லாம் காஞ்சிருந்திச்சு. வாப்பா குடை புடிச்சிக்கிட்டுப் பின்னால. லெப்பை பல்லப் பாத்தாரு, நாலு காலையும் தூக்கிப் பாத்தாரு, காதத் தடவி மெச்சினாரு. பொறகு என் பக்கம் சுத்தி வந்தாரு. நான் அசையல்ல.

"மகன், கொஞ்சம் அங்கால போங்க."

நான் இன்னம் ஒட்டிக்கிட்டு நிண்டேன். வாப்பாதான் என் தோளப் புடிச்சி இழுத்தாரு. லெப்பை கைய மாட்டுக் கண்ணுக்கு முன்னால ஆட்டினாரு. எமை அசையல்ல. இன்னொரு தரம் ஆட்டினாரு. எமை முடியத் தொட்டு வெரல உத்துப் பாத்தாரு. கறுப்பு. மில்லுப் பக்கம் திரும்பி மாமாவக் கூப்புட்டாரு.

"தம்பி, இதக் குழாவுக்குக் கிட்ட கட்டினது ஆரு?"

மாமா இஞ்சின நிப்பாட்டிட்டு எண்ணைச் சீலையோட வந்து நிண்டாரு. சொவத்துப் பக்கம் இருந்த தென்னங்குத்தியப் பாத்தாரு. அதுல கயிறு அறுத்த அடையாளம் புதுசா இருந்திச்சு. பொறகு என்னையப் பாத்தாரு. ரொம்ப நேரம் பாக்கல்ல.

"நான்தான் லெப்பை. கயித்தக் கட்டையாப் புடிச்சிட்டேன்."

லெப்பை ஆகாதுன்னு மட்டும் சொன்னாரு. வாப்பா குடைய மடிச்சாரு, தூத்தலுக்குள்ள. மாமாவப் பாத்து, "மச்சான், இனி என் வாசல மிதிக்காத" ன்னாரு. அவரு சத்தம் போட்டிருந்தா எனக்கு அவ்வளவு பயமா இருந்திருக்காது. அப்பிடியே நனைஞ்சிக்கிட்டு நாலந்தா பஸ்ஸுக்கு நடந்தாரு. கொண்டாந்தது எலும்பும் தோலுமா ஒரு மாடு. மத்த ஆறு வீட்டுலயும் பங்க வாங்கினாங்க, வாங்கின கையோட திரும்பிட்டாங்க. செவலைய வயலுக்காரச் சிங்கள மனுசன் ஒருத்தரு உழவுக்குக் கொண்டு போனாரு. ஒத்தக் கண்ணோட அது இன்னம் பல போகம் உழுதிச்சு.

பெருநாளைக்கு மாமா வரல்ல. உம்மா ஒரு கோப்பையில சோறும் எறச்சியும் போட்டு மூடி வச்சாங்க. வாசல எட்டிப் பாத்தாங்க, திரும்ப வந்தாங்க, திரும்பப் போனாங்க. வாப்பா அத எல்லாம் காணாத மாதிரி குந்தியிருந்தாரு. நான் மூலையில இருந்து யோசிச்சேன். நாள் தவறாம மாட்டக் கட்டுறது மாமாதானே, அதனால அண்ணைக்குக் கட்டினதும் தான்தான்னு அவருக்கு ஞாபகம் மாறிடுச்சு. எனக்கு என்னா நல்ல காலம். அவருக்குச் சரியா ஞாபகம் வாறதுக்குள்ள பெருநாள் முடிஞ்சிடணும்ன்னு அல்லாஹ்கிட்டக் கேட்டேன். ஆறு நாளையில அண்ணைக்குத்தான் எனக்கு ஒழுங்காப் பசிச்சிச்சு. உம்மாகிட்டப் போய், மாமாதான் வரல்லையே, அந்தக் கோப்பைய எனக்குத் தாங்கன்னு கேட்டேன்.

உம்மா தந்தாங்க. மிச்சம் வைக்காமத் தின்னேன்.