நூற்றுப் பதினெட்டாம் பலகையின் அடிப்பக்கம்

ஆடி முடித்த ஆட்டத்தை ஆடவே இல்லை என்று ஆக்க முடியுமா? ஒடெசா ஃபெயர்லி என்னிடம் இதைக் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போதும் முழுதாகத் தெரியாது. அவளுக்கு நடந்ததை மட்டும் வரிசையாகச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்து வெக்ஸ்மூர் கல்லூரி அரங்கில் தரை போடுவதுதான் ஒடெசாவின் வேலை. குளிர்காலம் முழுக்க அங்கே ஹாக்கிக்காகப் பனி உறைந்து கிடக்கும். கூடைப்பந்து ஆட்டம் வரும் நாளில் அதன்மேல் மூடுதகடு பரப்பி, அதற்கும் மேலே மேப்பிள் மரப் பலகைகளைப் பூட்டுவார்கள். மொத்தம் இருநூற்று இருபத்தாறு பலகைகள். ஒன்றைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். நடுவிலிருந்து தொடங்கி இரண்டு பக்கமும் விரிந்துகொண்டே போக வேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கினால் கடைசி வரிசை பொருந்தாது. எட்டுப் பேர், இரண்டரை மணி நேரம். அந்த எட்டுப் பேருக்கும் தலைவி அவள்தான்.

பள்ளியில் படித்தபோது அவளும் ஆடியவள். ஊரிலேயே உயரமான பெண். கல்லூரியிலிருந்து யாரும் தேடி வரவில்லை. தக்காளி டப்பா அடைக்கும் ஆலையில் பத்து வருடம் நின்றாள், ஒரு பெண்ணைப் பெற்று வளர்த்தாள், ஒத்துவராத கணவனை அனுப்பிவைத்தாள். முப்பத்தோரு வயதில் இந்த வேலைக்கு வந்தாள். "கோர்ட்டுல கால் வைக்க ஒருத்தனும் கூப்பிடல. அதான் கோர்ட்டையே தூக்கிட்டுத் திரியறேன்" என்று சொல்லிச் சிரிப்பாள். இருபத்தேழு வருடங்களில் முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. ஆனால் எந்தப் பலகை எங்கே முனகும் என்பது கண்ணை மூடினாலும் அவளுக்குத் தெரியும்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. கடைசி வருட ஆட்டக்காரர்கள் சொந்த அரங்கில் கடைசி ஆட்டம் ஆடிய மறுநாள், தரையைக் கழற்றும்போது வருவார்கள். ஆளுக்கொரு பலகையைத் தேர்ந்தெடுத்து அதன் அடிப்பக்கத்தில் கையெழுத்துப் போடுவார்கள். பார்க்க வருகிறவர்களுக்கு அது தெரியாது. பலகை போடுகிறவர்களுக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் தெரியும்.

கார்டெல் பிளங்கெட் தேர்ந்தெடுத்தது வலது மூலைப் பலகை, எண் நூற்றுப் பதினெட்டு. அந்த மூலையில் விழுந்துதான் அவனுக்கு ஒரு பல் போனது. கல்லூரி அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஓர் ஆட்டக்காரனைப் பார்த்ததில்லை. மூன்று வருடம் ஊரே அவன் பின்னால் ஓடியது. அன்றைக்கு அவன் மண்டியிட்டு வெகு நேரம் எழுதினான்.

"என்னடா கண்ணா, கையெழுத்தா கதையா?"

"யாரும் படிக்க மாட்டாங்க, மிஸ் ஒடெசா."

"படிக்கிற பழக்கம் உனக்கே கெடையாதே!"

அவன் சிரித்தான். சிரிக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தான். அவன் போன பிறகு அவள் குனிந்து பார்த்தாள். பெயர், தேதி, அதற்குக் கீழே பெரிய பெரிய எழுத்தில், ஒரு எழுத்து பிழையாக: "நான் இங்கே ஆடினேன். இங்கே யாரும் என்னைப் படிக்க வைக்கவில்லை." ஏதோ விளையாட்டு என்று நினைத்தாள். பலகையைக் கவிழ்த்து அடுக்கில் வைத்தாள்.

ஆறு வருடம் கழித்துத் தொலைக்காட்சியில் அவன் உட்கார்ந்து சொன்னான். தனக்குப் பத்து வயதுப் பையன் அளவுக்குத்தான் வாசிக்க வரும். தன் கட்டுரைகளை வேறு யாரோ எழுதினார்கள். வகுப்பே நடக்காத பாடங்களில் மதிப்பெண் போட்டார்கள். விசாரணை வந்தது. அவன் ஆடிய மூன்று வருட வெற்றிகளும் செல்லாது என்று கல்லூரி விளையாட்டுச் சங்கம் அறிவித்தது. கூரையில் தொங்கிய வெற்றிக் கொடிகள் இறங்கின, அவன் படம் சுவரிலிருந்து போனது. ஊர் அவனைத் திட்டித் தீர்த்தது. சோறு போட்ட வீட்டுக்கே தீ வைத்தவன் என்றார்கள். அவனும் லேசுப்பட்டவன் இல்லை. தொழில்முறை ஆட்டத்தில் ரசிகன் ஒருவனை மூக்கில் குத்தித் தடை வாங்கினான், பழைய பயிற்சியாளரை மேடையிலேயே வைதான். கல்லூரி ஒரே பதிலைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னது: "இங்கே இருந்தவரை அவன் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இதெல்லாம் பிற்பாடு கட்டியது."

ஒடெசா அந்தப் பதிலைக் கேட்ட ஒவ்வொரு முறையும் தான் அன்று அடித்த கேலியை நினைத்துக்கொண்டாள். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. அவளும் அங்கே சம்பளம் வாங்குகிறவள்தானே.

சென்ற வருடம் செப்டம்பரில் பிளங்கெட்டுடன் ஆடிய ஒருவன் வானொலியில் உளறிவிட்டான். "கார்டெல் அப்பவே எழுதிட்டான். வலது மூலையில, தரைக்கு அடியில இருக்கு." அடுத்த வாரமே விளையாட்டுத் துறைத் தலைவர் ஹால்வர்சன் அவளைக் கூப்பிட்டார்.

"ஒடெசா, அந்தப் பலகையைப் பட்டறை ஆளுக்குக் கை காட்டிடு. அடிப்பக்கத்தைக் கொஞ்சம் தேய்க்கணும்."

"நான் காட்ட மாட்டேன், சார்."

அவர் சிரித்தார். "காட்ட வேணாம். சுவத்துல மேப் இருக்கு, அவன் பார்த்துக்குவான்."

அந்த வரைபடத்தில்தான் சங்கதியே இருந்தது. பலகைகள் கவிழ்ந்து கிடக்கும்போது எண்கள் எப்படித் தெரியுமோ, அப்படி வரைந்தது அது. அதில் வலது என்றால் தரையில் இடது. பலகை தூக்குகிற எட்டுப் பேருக்கும் இது மூச்சு விடுவதுபோல் பழக்கம். மாடி அலுவலகத்தில் இருக்கிறவர்களுக்குத் தெரியாது.

பட்டறை ஆள் வந்தான். வரைபடத்தின் வலது மூலையில் விரலை வைத்தான், நூற்று ஒன்பது என்று படித்தான், அடுக்கிலிருந்து நூற்று ஒன்பதை இழுத்தான். ஒடெசாவின் கூட்டாளி பர்னெல் அவள் காதருகில் வந்தான்.

"அவன் தப்பா எடுக்கறான், ஒடெசா."

"எடுக்கட்டும்."

"அது யாரோட பலகைன்னு தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்."

உப்புத்தாள் இயந்திரம் பத்து நிமிடம் இரைந்தது. ஏதோ கிறுக்கல் இருந்தது, போய்விட்டது. வேலை முடிந்ததற்குச் சீட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அவன் கிளம்பினான்.

நவம்பரில் முதல் ஆட்டம். மாலை ஏழு மணிக்குத் தொடக்கம். மூன்று மணிக்குத் தரை பாதிக்கு மேல் முடிந்திருந்தபோது ஹால்வர்சன் விருந்தாளிகள் ஐந்தாறு பேருடன் கீழே வந்தார். ஒவ்வொரு வருடமும் முதல் ஆட்டத்துக்கு முன் வருவார். அவரும் அந்தக் காலத்தில் அங்கே ஆடியவர்தான்.

"இதுதான் நம்ம பலகை. எம்பத்தொம்பதுல போட்ட கையெழுத்து. இன்னும் அப்படியே இருக்கும் பாருங்க. ஒடெசா, கொஞ்சம் திருப்பிக் காட்டு."

ஒடெசாவும் பர்னெலும் நூற்று ஒன்பதைத் தூக்கித் திருப்பினார்கள். புதிதாகச் சீவியதுபோல் வெள்ளை மரம். வாசனைகூட வந்தது.

"எங்க இருக்கு?" என்றாள் விருந்தாளிப் பெண் ஒருத்தி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு.

"வேற பலகையை எடுத்துட்ட போல."

"நூத்தி ஒம்பது, சார். உங்களுதுதான்."

ஹால்வர்சன் விரலால் தடவினார். விரலில் மரத்தூள் ஒட்டியது. அவர் முகத்தைப் பார்க்க ஒடெசாவுக்கு உண்மையிலேயே சங்கடமாக இருந்தது. அவருடைய உதவியாளர் விருந்தாளிகளைச் சாப்பாட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

"யார் பண்ணது?"

"நீங்க அனுப்பின ஆளு."

"நீ பார்த்துக்கிட்டா இருந்தே?"

"பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். கை காட்ட மாட்டேன்னு அன்னிக்கே சொன்னேனே. உங்க பேரு போனது எனக்கும் வருத்தம்தான், சார். இருபத்தேழு வருஷமா அதுக்குத் தூசி தட்டினவ நான்."

"அந்த இன்னொண்ணு எங்க? இப்பவே மிஷின் வரும். தேய்ச்சு முடிச்சுட்டு அப்புறம் போடு."

"மாட்டேன்."

"அவன் இந்தக் காலேஜுக்கு என்ன பண்ணான்னு தெரியுமா? மூணு வருஷ ஆட்டம் போச்சு. கொடி எறங்குச்சு. கூட ஆடின பசங்க என்ன பாவம் பண்ணாங்க?"

"கொடி எறங்கினது என் ஏணியிலதான், சார். ஒண்ணும் மறக்கல. அவன் நல்லவன்னு நான் சொல்ல வரல. பொய் சொன்னான்னு நீங்க சொல்றீங்களே, அதைத்தான் பொறுக்க முடியல." அவள் நூற்றுப் பதினெட்டைப் பர்னெலுடன் சேர்ந்து நிமிர்த்தினாள். "தேதியைப் பாருங்க. இங்க இருந்தப்பவே சொல்லியிருக்கான். நான் படிச்சேன். படிச்சுட்டுக் கவுத்து வச்சேன். இத்தனை வருஷமா அதுமேல எல்லாரையும் ஆட விட்டேன். ரெண்டாந்தடவை அதைப் பண்ண மாட்டேன்."

"சரி, புதுப் பலகை ஒண்ணைப் போடுங்க. ஸ்பேர் இருக்குல்ல?"

பர்னெல் தொண்டையைச் செருமினான். "மத்ததெல்லாம் வருஷா வருஷம் தேய்ச்சு மெலிஞ்சது, சார். புதுசு நடுவுல தூக்கிட்டு நிக்கும். எவனாவது இடறி முட்டி போச்சுன்னா?"

ஹால்வர்சன், எட்டுப் பேரில் ஒருவனான வெண்டெல் பக்கம் திரும்பினார். வெண்டெலுக்குப் பிளங்கெட்டைக் கண்டாலே ஆகாது, அது ஊருக்கே தெரியும். "நீ சொல்லு, வெண்டெல்."

"அவன் மூஞ்சியைப் பார்த்தாலே எனக்கு எரியும், சார். ஆனா ஒடெசா போடச் சொன்னாத்தான் நான் பலகை போடுவேன்."

மிச்சப் பலகைகளை எல்லாம் பூட்டினார்கள். வலது மூலையில் மட்டும் ஒரு கதவு அளவுக்குப் பள்ளம். நூற்றுப் பதினெட்டைப் புள்ளி குறிக்கும் மேசைமேல் சாய்த்து, அடிப்பக்கம் கூட்டத்தைப் பார்க்கும்படி நிறுத்தினாள் ஒடெசா. அதன் பக்கத்திலேயே தரையில் காலை நீட்டி உட்கார்ந்தாள். காவலாளிகள் வந்தார்கள். அவளைத் தூக்கலாம், பலகையைத் தூக்கினால் பூட்டத் தெரிந்த ஆள் வேண்டும். நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஐந்தரைக்குக் கதவு திறந்தது. முதலில் வந்தது மாணவர் வாத்தியக் குழு. டிரம்பெட்டைக் கையில் பிடித்தபடி ஒருத்தி படித்தாள், நின்றாள், இன்னொருத்தியைக் கூப்பிட்டாள். கொஞ்ச நேரத்தில் கைபேசிகள் எல்லாம் அந்தப் பக்கம் நீண்டன.

"அந்தத் திருட்டுப் பயலோடதை எரி!" என்று மேல் வரிசையிலிருந்து ஒரு பெரியவர் கத்தினார்.

"வந்து தூக்குங்க, அண்ணே! தொண்ணூறு கிலோ!" என்று ஒடெசா திருப்பிக் கத்தினாள். சிரிப்பு எழுந்தது. சிலர் அவளையும் சேர்த்து வைதார்கள். ஒரு மக்காச்சோளப் பொரிப் பொட்டலம் பறந்து வந்து காலடியில் விழுந்தது. அவள் பொறுக்கித் தின்றாள்.

ஆறேகாலுக்கு நடுவர் வந்து பள்ளத்தைப் பார்த்தார். இப்படியே இருந்தால் ஆட்டம் இல்லை என்றார். ஹால்வர்சன் அரங்கின் நடுவிலேயே நின்றார். எட்டாயிரம் பேரும் பார்த்தார்கள்.

"போடு" என்றார்.

"தேய்க்காமலா, சார்?"

"போடுன்னேன்ல."

"தேய்க்காமப் போடவான்னு கேட்டேன்."

அவர் மூச்சை இழுத்து விட்டார். "தேய்க்காமப் போடு."

ஆட்டத்தில் வெக்ஸ்மூர் பதினோரு புள்ளியில் தோற்றது. அதற்கும் சிலர் ஒடெசாவைத்தான் குறை சொன்னார்கள்.

நான்காம் நாள் அவளுக்கு வேலை போனது. கடிதத்தில் "கீழ்ப்படியாமை" என்று இருந்தது. "சரியாத்தானே எழுதியிருக்காங்க" என்று மகளிடம் காட்டினாள். இரண்டு மாதத்தில் பக்கத்து நகரத்து அரங்கு அவளைக் கூப்பிட்டுக்கொண்டது. பர்னெலும் கூடப் போனான். பிளங்கெட்டிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. "வரணும்னு நான் பண்ணல. அவனுக்கு நான்தான் பாக்கி வச்சிருந்தேன்" என்றாள்.

ஒன்று மட்டும் மாறியது. அந்தப் பழைய பதிலைக் கல்லூரி அதற்குப் பிறகு சொல்லவே இல்லை. அன்று எடுத்த படங்கள் அவ்வளவு பேரிடம் இருந்தன.

இந்தக் கோடையில் தரை பழசாகிவிட்டது என்று புதுத் தரை வாங்கினார்கள். பழைய பலகைகளைத் துண்டுபோட்டு நினைவுப் பொருளாக விற்றார்கள். விற்ற பட்டியலில் நூற்றுப் பதினேழு இருக்கிறது, நூற்றுப் பத்தொன்பது இருக்கிறது. நடுவில் உள்ளது இல்லை. கேட்டால், எண்ணிக்கையில் ஏதோ தவறு என்கிறார்கள்.

ஆகவே இதைப் படித்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இதை உங்களோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். பந்தாட்டம் தெரிந்தவர்களிடமும் சொல்லுங்கள், தெரியாதவர்களிடமும் சொல்லுங்கள். பிளங்கெட் எழுதியதை ஒரு வார்த்தை மாற்றாமல் சொல்லுங்கள். பலகை போட்டவளின் பெயரைக் கேட்டால் ஒடெசா ஃபெயர்லி என்று சொல்லுங்கள்.