பத்துமலை பூசாரியும் முனியாண்டி துப்பாக்கியும்

மலேசியாவின் ஈப்போவில் பத்துமலை என்ற ஆளைத் தேடினால் ‘லோரிக்காரர்’ என்று சொல்லித்தான் விசாரிக்க வேண்டும். சுங்காய்ப் பக்கம் போனால் ‘துப்பாக்கிப் பூசாரி’ என்றால் போதும். இரண்டு பெயரில் பின்னதுதான் அவருக்குப் பிடித்தது. சுண்ணாம்புக்கல் லோரி ஓட்டி ஓய்வு பெற்று, புந்தோங் அடுக்குமாடி வீட்டுக்கு வந்த பிறகும், ஆடி மாதம் பிறந்தால் அவரை வீட்டில் பிடித்து வைக்க முடியாது. பிறந்து வளர்ந்த தோட்டத்து முனியாண்டி கோயிலுக்குக் கிளம்பிவிடுவார்.

தோட்டம் என்று இப்போது சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்துவிட்டார்கள். கித்தா என்கிற ரப்பர் மரங்கள் போய், எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்துவிட்டது. கோயில் மட்டும் மண்மேட்டுக்கு எதிரே, தகரக் கூரையோடு நிற்கிறது. உள்ளே மீசையும் உருட்டிய கண்ணுமாக முனியாண்டி. அவர் கைப்பக்கம் சாய்த்து வைத்த ஒரு துப்பாக்கி.

பழைய ரகம். வாய்வழியாகக் கருமருந்தையும் ஈய ரவையையும் போட்டுக் கம்பியால் இடித்துக் கெட்டிப்பது. வெள்ளைக்காரன் கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட அவசரகாலத்தில், அனுமதியில்லாத துப்பாக்கி கையில் இருந்தால் தூக்கு என்று பயந்து கிடந்த நாளில், பன்றி வேட்டைக்காரர் ஒருவர் அதை முனியாண்டியின் காலடியில் வைத்துவிட்டுத் தோட்டத்தை விட்டே போனார் என்பார்கள். சாமியிடம் கொடுத்ததை யார் எடுப்பார்கள்? கணக்கெழுதும் கிராணிக்கும் தெரியும், வேலை வாங்கும் தண்டலுக்கும் தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை.

பத்துமலையின் அப்பா பூசாரியாக இருந்தவரை அதற்கு எண்ணெய் பூசிச் சந்தனம் வைப்பதோடு சரி. பத்துமலை வந்த பிறகுதான் அதற்கு வேலை கொடுத்தார். பயந்து அலறும் பிள்ளைகளைக் கூட்டிவரச் சொல்லி, துப்பாக்கியின் வாயைப் பிள்ளையின் உச்சந்தலையில் வைத்து, குழலின் அடியில் சுத்தியல்போல் நிற்கும் குதிரையை இழுத்து, விசையைத் தட்டுவார். ‘டக்’ என்று ஒரு சத்தம். மூன்று தடவை. “பயம் ஓடிப் போச்சு, போ!” என்று விபூதி பூசி அனுப்புவார். கோலா கங்சாரிலிருந்தும் ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்தும் ஆள் வந்தது அந்த ‘டக்’குக்காகத்தான். அது முழுக்க முழுக்க அவருடைய சரக்கு.

உள்ளே ஏதாவது இருக்குமா என்று அவர் யோசிக்காமல் இல்லை. பூசாரியான புதிதில் ஒரு தடவை குழலின் வாயில் கண்ணை வைத்துப் பார்த்தார். இருட்டாக இருந்தது. இருட்டாக இருந்ததால் காலி என்று எடுத்துக்கொண்டார்.

இந்த வருஷத் திருவிழாவன்று துப்பாக்கியைக் கழுவும் வேலையை மருமகள் புனிதா எடுத்துக்கொண்டாள். அழுக்கைக் கண்டால் கை சும்மா இருக்காத பெண். வெளியே தேய்த்தது போதாது என்று, மெல்லிய பிரம்பில் துணியைச் சுற்றிக் குழலுக்குள்ளும் விட்டாள்.

“மாமா, இது முழுசாப் போகலலா. அடியில என்னமோ அடைச்சிருக்கு.”

“குளவி மண்ணா இருக்கும். விட்டுத் தள்ளு.”

“மண்ணுன்னா குத்துனா உதிருமே. இது மெத்துன்னு இருக்கு.” அவள் குழலின் வாய்மட்டத்தில் பிரம்பை விரலால் பிடித்து அடையாளம் வைத்துக்கொண்டாள். வெளியே எடுத்து, அதே பிடியோடு குழலின் மேல் நீட்டி வைத்தாள். பிரம்பின் நுனி குதிரை இருக்கும் இடம்வரை போகவில்லை. ஓர் உள்ளங்கை நீளம் முன்னாலேயே நின்றது. “பாருங்க மாமா. இவ்வளவு இடத்துல என்ன இருக்கு? மருந்து கிருந்து இருந்தா?”

பூக் கட்டிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பத்துமலைக்குச் சுருக்கென்றது.

“மருந்து வேணும்னா கிளினிக்குக்குப் போ தாயி, நிறையத் தருவாங்க. எங்கப்பன் காலத்துலருந்து வெடிக்காததா உன் கை பட்டு வெடிக்கப் போவுது?”

பெண்கள் சிரித்தார்கள். புனிதா முகம் சிவந்து, பிரம்பைச் சுவரோரம் சாத்திவிட்டு வெளியே போனாள்.

அவர் துப்பாக்கியைத் தூக்கி முனியாண்டியிடம் சாத்தினார். முன்னால் கற்பூரம் ஏற்றினார். வழக்கம்போல் சுருட்டைப் பற்றவைத்துத் துப்பாக்கியின் குதிரைக்குப் பக்கத்திலேயே வைத்தார். பிறகு, சும்மா ஒரு நிச்சயத்துக்காக, அந்தப் பிரம்பை எடுத்து அவரும் விட்டுப் பார்த்தார். அடையாளம் வைத்தார். வெளியே வைத்து அளந்தார்.

அதே உள்ளங்கை நீளம்.

சுருட்டு கனன்றுகொண்டிருந்தது. அதைக் கையாலேயே நசுக்கினார். கற்பூரத் தட்டைக் கவிழ்த்தார். விரல் சுட்டது உறைக்கவில்லை. பூசாரியாகித் துப்பாக்கி வைத்த முதல் பிள்ளையிலிருந்து போன வருஷம் வைத்த கடைசிப் பிள்ளைவரை உச்சந்தலைகளாகக் கண்ணுக்குள் வந்தன. எண்ணெய் வைத்த தலை, மொட்டை போட்ட தலை, ரிப்பன் கட்டிய தலை.

வெளியே வரிசை நின்றது. முன்னால் பிரமிளா, ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து வந்தவள். போன வருஷம் மகளின் பயம் தெளிந்ததற்கு நன்றி சொல்ல, இந்த வருஷம் மாலையோடு வந்திருந்தாள். பத்துமலை வாசலில் வந்து நின்றார். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். வந்தது வேறு.

“இன்னிக்கு முனிக்கு மனசில்ல. யாரும் துப்பாக்கியத் தொடக்கூடாது. எல்லாம் வீட்டுக்குப் போங்க.”

பழியைச் சாமியின் தலையில் போட்டாயிற்று.

கூட்டம் கலையவில்லை. கோயில் தலைவர் சீனி முண்டியடித்துக்கொண்டு வந்தார். “என்ன மச்சான் வெளையாடறீங்க? வேன் புடிச்சு வந்திருக்காங்க சனங்க. முனிக்குக் கோவம்னா ஒரு கெடா வெட்டித் தணிச்சிடலாம்லா. நானே கேக்குறேன்.” தடுப்பதற்குள் உள்ளே போய், துப்பாக்கியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார். குழலின் வாய் வரிசையில் நின்றவர்களின் நெஞ்சுக்கு நேராக ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. “முனியப்பா, புள்ளைங்க காத்திருக்கு பாரு!” என்று சொல்லிக்கொண்டே கட்டைவிரலைக் குதிரையின் மேல் வைத்தார். “இப்படித்தானே இழுப்பீங்க மச்சான்?”

“சீனி! வெரல எடு! உள்ள மருந்து இருக்கு!”

மேளக்காரர்கூடக் கையை நிறுத்தினார்.

“எப்பலருந்து?” என்று யாரோ கேட்டார்கள்.

“எப்பவுமே இருந்திருக்கு,” என்றார் பத்துமலை.

சீனி விரலை எடுத்தார். பத்துமலை பக்கவாட்டில் போய், குழலின் வாயை ஆளில்லாத மண்மேட்டுப் பக்கம் திருப்பி, துப்பாக்கியை வாங்கினார். குதிரையையும் விசையையும் தொடாமல், சாக்கின் மேல் படுக்க வைத்தார். “யாரும் கிட்ட வராதீங்க. நெருப்பு, சிகரெட்டு எதுவும் வேணாம்.” சீனி அவர் காதோரம் வந்தார். “போலீஸ் பாலாய்க்குத் தெரிஞ்சா ரெண்டு பேரும் உள்ளதான். கம்பிய விட்டு நோண்டி எடுத்துடுவோமா? இல்ல, கால்வாய்ல போட்டுடலாம்.”

“நோண்டுற கைதான் மொதல்ல போகும்,” என்றாள் பின்னால் வந்து நின்ற புனிதா. “கால்வாய்ல போட்டா யாரு எடுப்பாங்கன்னு யாருக்குத் தெரியும்?” பாலாய்க்குப் போட்ட போன் ஏற்கெனவே அவள் காதில் இருந்தது. மாமனாரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

ஈப்போவிலிருந்து வெடிமருந்துப் பிரிவு ஆட்கள் வந்து எடுத்துப் போனார்கள். பத்துமலையிடமும் சீனியிடமும் வாக்குமூலம் வாங்கி, வழக்கு உண்டா இல்லையா என்று பிறகு சொல்வதாக அனுப்பினார்கள். சில நாள் கழித்து மறுபடி கூப்பிட்ட இன்ஸ்பெக்டர்தான் விவரம் சொன்னார். தேங்காய் நாரும் மெழுகும் அடைத்திருந்ததால் உள்ளே மருந்து காய்ந்தே கிடந்தது. இந்த மருந்துக்கு வயதானால் உயிர் போய்விடும் என்று நினைப்பது தப்பு. குதிரை விழும் இடத்துத் துளையில் எண்ணெயும் சந்தனமும் இறுகிப் போயிருந்ததால் குதிரை தட்டித் தெறித்த பொறி உள்ளே இறங்க வழியில்லை. “அது அடைக்காம இருந்திருந்தா?” என்று கேட்டார் பத்துமலை. இன்ஸ்பெக்டர் தோளைக் குலுக்கினார்.

ஊர் அந்தத் தோள் குலுக்கலைப் பார்க்கவில்லை. சந்தனம் அடைத்தது என்பதை மட்டும் பிடித்துக்கொண்டது. “முனி தன் சந்தனத்தாலேயே குண்டைப் புடிச்சு வச்சிருந்தாரு பாத்தீங்களா!” என்று சீனி போனில் எல்லாருக்கும் அனுப்பினார். அடுத்த திருவிழாவுக்குப் பேனர் அடிப்பதாகப் பேச்சு. தெரியாதவர்கள் பழத்தட்டோடு புந்தோங் வீட்டுக்கு வந்து பத்துமலையின் காலைத் தொட்டார்கள். திட்டுவார்கள் என்று காத்திருந்தவருக்கு இது தாங்கவில்லை. சாப்பாட்டின்போது புனிதா உட்கார்ந்தால் அவர் எழுந்துவிடுவார்.

“முனிதான் காப்பாத்துனாரு, அதுக்கு ஏன் இப்படிக் கூனிப் போறீங்க?” என்றாள் மனைவி நவமணி.

“காப்பாத்துனாரு, சரி. யாருகிட்டருந்து காப்பாத்துனாரு?”

நவமணி பழத்தட்டுகளை அடுக்களைக்கு எடுத்துப் போனாள்.

ஒரு சனிக்கிழமை காலையில் பிரமிளா வந்தாள். கையில் தட்டு, பின்னால் மகள்.

“அண்ணே, உங்க கைராசியாலதான் எம்புள்ள இன்னிக்கு நிக்குது.”

“உக்காரும்மா. தட்ட அப்புறம் குடு.” அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “நான் அந்தத் துப்பாக்கிக்குள்ள ஒழுங்காப் பாத்ததே இல்ல. ஒரு குச்சி விட்டுப் பாத்திருந்தாத் தெரிஞ்சிருக்கும். பாக்காமத்தான் போன வருஷம் இந்தப் புள்ள தலையில வச்சுத் தட்டுனேன்.”

“அதான் முனி—”

“முனிய விடும்மா. அந்த டக்கு முனி கேட்டது இல்ல. கூட்டம் வரணும்னு நான் சேத்தது.”

பிரமிளாவின் சிரிப்பு மெல்ல அடங்கியது. “மூணு தடவ தட்டுனீங்க.”

“மூணு தடவ.”

“அன்னிக்கு முனிக்கு மனசில்லன்னு சொன்னீங்களே? தெரிஞ்சுதான் சொன்னீங்களா?”

“தெரிஞ்சுதான்.”

அவள் மகளை இழுத்துத் தன் பின்னால் நிறுத்திக்கொண்டாள். “நீங்கல்லாம் ஒரு மனுசனா?” என்றாள், குரல் எழும்பாமல். பிள்ளைக்கு அவளே செருப்பை மாட்டினாள். வார் மாட்டவில்லை. அப்படியே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, தட்டையும் எடுத்துக்கொண்டு போனாள். அவர் வாசல்வரை போய் நின்றார். அவள் திரும்பவில்லை.

அன்று மத்தியானம் சீனி போன் செய்தார். பேனரில் போட அவருடைய படம் வேண்டுமாம்.

“படம் கெடக்கட்டும். வருஷா வருஷம் யாரு யாரு புள்ளையக் கூட்டியாந்தாங்கன்னு உனக்குத் தெரியும்தானே? அவங்க வீடு எங்கன்னு சொல்லு. நான் போய்ப் பாத்துட்டு வாரேன்.”

“எதுக்கு மச்சான்? எல்லாரும் உங்களக் கும்புடுறாங்க.”

“அதுக்குத்தான் போறேன்,” என்றார் பத்துமலை.