மயில்கழுத்து டேக்கில் அடைத்துக்கொண்ட ழு

"தமிழ் டேக்கெல்லாம் டிசைன் வேலைமா. உனக்கு வராது. நீ சர்வீஸ் கால் எடுத்துக்கினு இரு, போதும்" என்றார் சேகர் சார் என்னிடம். பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுக்கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் போட்டுக்கொடுக்கும் எங்கள் அலுவலகத்தின் முதலாளி அவர். சேலையில் தொங்கும் விலைச்சீட்டான டேக்கில் தமிழைச் சரிசெய்கிறவருக்கே இனி எல்லாக் கடைகளின் தமிழ் பிரிண்டிங் பொறுப்பும் என்று அறிவித்தபோது, என்னோடு வேலை செய்யும் ஹரிணியைப் பார்த்துத்தான் சொன்னார்.

ஹரிணியின் அப்பா அச்சகம் வைத்திருக்கிறார். எழுத்துருக்களுக்கு நடுவே வளர்ந்தவள். எங்கள் வீட்டிலோ முதலில் பள்ளிக்கூடம் போனதே நான்தான். போதாததற்கு அவள் நல்லவள் வேறு. திட்டித் தீர்க்கவும் வழியில்லை.

புகார் ஒரு கடையிலிருந்து வந்தது. "இன்னாமா, சேலை டேக்குல எறும்பு ஊந்துக்கினு போற மாதிரி இருக்குது? சேல்ஸ்ல இருக்கறவங்களுக்கு கலர் பேரே புரியல. சரியா வரலன்னா வேற ஆளப் பாத்துக்கறேன்" என்றார் கடைக்காரர்.

முதலில் நான் போனேன். பிரிண்டர் ஹெட்டைத் துடைத்தேன். அச்சின் கறுப்பு அழுத்தமாக விழ டார்க்னஸைக் கூட்டினேன். கோடுகள் தடித்து, எழுத்துகளின் சுழிகள் அடைத்துக்கொண்டன.

பின்னாலேயே ஹரிணி வந்தாள். டேக்கை ஒரு தடவை பார்த்தாள். "மலரு, விலையப் பாருடி, எவ்ளோ ஷார்ப்பா இருக்குது! அதே ஹெட்தானே நம்பரையும் அடிக்குது? இந்த ஃபாண்ட்ல தமிழுக்கு ஹிண்டிங்கே போடல."

விலை என் கண் முன்னால்தான் இருந்தது.

டேக்கைச் சூட்டால் அச்சடிக்கும் தெர்மல் பிரிண்டருக்குக் கறுப்புப் புள்ளி, அதாவது டாட், தெரியும், வெள்ளை தெரியும். நடுவில் சாம்பல் கிடையாது. கோடு டாட்டில் சரியாக உட்காராவிட்டால் எழுத்தின் ஒரு கால் மெலியும், இன்னொன்று தடிக்கும். எங்கே உட்கார வேண்டும் என்று எழுத்துருவுக்குள் எழுதிவைக்கும் குறிப்புதான் ஹிண்டிங்.

அந்தக் குறிப்புகளை சாஃப்ட்வேரே போட்டுக்கொள்ளும் ஆட்டோ ஹிண்டிங்கை ஹரிணி ஓட்டினாள். கோடுகள் ஒரே சீராக வந்தன. "பாத்தியா, அதான் ஹரிணி!" என்றார் சேகர் சார்.

அவள் அடித்த டேக்குகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். குறை கிடைக்காதா என்றுதான். கிடைத்தது. 'மயில்கழுத்து' என்ற நிறப் பெயரில் ழுவின் கீழ்ச்சுழி கறுப்புத் திட்டாக இருந்தது. பக்கத்துப் பக்கத்துக் கோடுகளை ஆட்டோ ஹிண்டிங் இடைவெளியின்றி ஒட்டிவிட்டிருந்தது. நடுவில் ஒரு வெள்ளை டாட் நிற்கும்படி அந்த டேக்கின் எழுத்தளவுக்கு மட்டும் கையால் திருத்தி, டேக்கிலேயே அடித்துக்கொண்டு போனேன்.

கடைக்காரர் கையை நீட்டிப் பிடித்துப் படித்தார். "மயில்கழுத்து. தோ, கண்ணாடி இல்லாமலே தெரியுது! ஹரிணிப் பொண்ணுகிட்ட சொல்லிடுமா, சூப்பர்னு."

"ழு நான் பண்ணது சார்."

"அப்டியா? ரெண்டு பேருமே கெட்டிக்காரிங்கதான்."

எனக்கு 'ரெண்டு பேர்' வேண்டியிருக்கவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்வது இது: பிரிண்டரில் கை வைக்கும் முன், அதே டேக்கில் எது நன்றாக விழுந்திருக்கிறது என்று பாருங்கள். இதை ஹரிணியிடம் கற்றேன் என்று எழுத இன்னும் கை கூசுகிறது. ஆட்டோவை நம்பி நிறுத்தாதீர்கள், காகிதத்தில் பாருங்கள். இது நானே கற்றது.

பொறுப்பு யாருக்கு என்று சேகர் சார் இன்னும் சொல்லவில்லை. நான் காத்திருக்கவில்லை. மற்ற டேக் அளவுகள் எல்லாவற்றிலும் எழுத்துகளைத் திருத்தி, அடித்துப் பார்த்து, நேற்று அவருக்கு அனுப்பிவிட்டேன். எழுத்துருக் கோப்பில் திருத்தியவர் பெயருக்கான இடம் காலியாக இருந்தது. ஹரிணியின் பெயரையும் போட்டிருக்கிறேன், என் பெயருக்குக் கீழே.