போர்வெல்லுக்கு வந்த சீர்

நான் சீர் கொண்டுபோனால் செந்துறை பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கும். முன்னால் மேளம், நடுவில் தட்டுகள், கடைசியில் என் சொந்த டிராக்டரில் கட்டிலும் பீரோவும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், ஆலத்தியூரில் சிமெண்டு மூட்டை சுமந்தவன், இன்று நாலு லாரிக்கு முதலாளி. செய்யாமல் இருப்பேனா?

அப்படிப்பட்ட என்னிடம், அன்று என்னோடு மூட்டை தூக்கிய கூட்டாளி, இரண்டாவது மகள் கல்யாணப் பத்திரிகையை வைத்துவிட்டுச் சொன்னான்:

"அண்ணே, குடும்பத்தோட வாங்க. சீர் மட்டும் வேணாங்க."

சுருக்கென்றது எனக்கு. "மொத பொண்ணுக்குச் செஞ்சதுல என்னடா கொறை?"

"ஒரு கொறையும் இல்லண்ணே. திருப்பிச் செய்ய உங்க வூட்ல ஒரு விசேஷம் வச்சீங்களா? இருக்கிறது ஒத்தப் புள்ள, அவனும் வெளிநாட்டுலயே தாலி கட்டிட்டான். ஊர்ல என்னைய வாங்கித் திங்கிறவன்ங்கிறாங்க. இன்னொரு தடவ கை நீட்ட மாட்டேன்."

வைத்த காபியைக்கூடத் தொடாமல் போய்விட்டான்.

என் சீரை வேண்டாம் என்று சொல்ல ஒருத்தனா! கொதித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரிதான் வழி சொன்னாள்.

"முந்திரிக் கொல்லையில போர் போட்டுத் தண்ணி வந்துச்சுல்ல? அதுக்கு விசேஷம் வைங்க."

"போருக்கெல்லாம் எவன்டி விசேஷம் வைப்பான்?"

"சீர் கொண்டுபோயே ஆவணும்னு நிக்கிறவரு வைப்பாரு."

வைத்தேன். பந்தல் போட்டு, பத்திரிகையும் அடித்தேன். போர்வெல்லுக்குப் பத்திரிகை அடித்தவன் இந்தத் தாலுகாவில் நான் ஒருத்தன்தான். சிரித்தவர்களும் சாப்பிட வந்தார்கள்.

அவன் வந்தான் பாருங்கள்! மேளம், வெடி, வரிசையாகத் தட்டுகள், கழுத்தில் மாலையோடு ஒரு ஆட்டுக்கிடா. பஸ் ஸ்டாண்டிலிருந்தே நடந்து வந்திருக்கிறான், ஊர் பார்க்கட்டும் என்று. எல்லாம் என்னிடம் கற்றதுதான். எதிர்கொண்டு போய்க் கைகூப்பி நின்றேன். எல்லோர் முன்னாலும் என் தலையில் உருமா கட்டினான். அன்று எங்கள் இரண்டு பேரில் யார் நெஞ்சு அதிகம் நிமிர்ந்திருந்தது என்று சொல்ல முடியாது.

பந்தி முடிந்ததும் அவனே காபி கேட்டு வாங்கிக் குடித்தான்.

"என்னண்ணே, கெடா சின்னதோ?"

"ஒன் பொண்ணு கல்யாணத்துக்கு நான் கொண்டாறதப் பாரு, அப்பறம் பேசு."

"கொண்டாங்க. வெறுங்கையோட வந்தா பந்தலுக்குள்ள வுட மாட்டேன்."

கட்டில், பீரோவோடு வாஷிங் மெஷினும் கொண்டுபோய் இறக்கினேன். இப்போது புதிதாக மாட்டுக்கொட்டகை கட்டிக்கொண்டிருக்கிறேன். அதற்கும் பத்திரிகை அடிக்க வேண்டும், அவன் காத்திருப்பான்.